ஒரே நான்கு எழுத்து, இரண்டு வேறு சொற்கள்: நானாய் மொழியிலும் உக்ரைனியத்திலும் ‘மாப்பா’

ரஷ்யம், உக்ரைனியம் முதலிய மொழிகளை எழுதும் சிரில்லிக் எழுத்தில் எம், ஆ, பெ, ஆ என்று நான்கு எழுத்துகளை வரிசையாக எழுதினால் ‘மாப்பா’ என்ற சொல் வரும். உக்ரைனியர் ஒருவர் அதை நிலப்படம் என்று படிப்பார். அதே எழுத்துகள் ரஷ்யாவின் தூரக்கிழக்கில் ஆமூர் ஆற்றங்கரையில் வாழும் நானாய் மக்களுக்கு முதியவரைக் குறிக்கும். காட்டுப் பேச்சில் கரடியையும் குறிக்கும். இரண்டும் பெயர்ச்சொற்கள். எழுத்தும் ஏறத்தாழ ஒலியும் ஒன்றே. ஆனால் பிறப்பில் உறவில்லை, இலக்கணத்திலும் ஒற்றுமையில்லை.

அகராதி தொகுப்பவர்களுக்கும் மொழியியல் மாணவர்களுக்கும் இத்தகைய சொல் நல்ல பயிற்சி. எழுத்தொப்புமையை நம்பாமல், சொல் எந்த மொழிக்குரியது, எங்கிருந்து வந்தது, வாக்கியத்தில் எப்படி உருமாறும் என்பதை முறையாகக் கண்டுபிடிக்கும் வழி கீழே உள்ளது. வேற்றுமை, உருபு, புணர்ச்சி பற்றிய பள்ளித் தமிழ் இலக்கண அறிவு இருந்தால் போதும்.

முதலில், எழுத்துபெயர்ப்பு

தமிழில் இரு உயிர்களுக்கு இடையே ஒற்றைப் பகரம் வந்தால் அதை மெலித்து ஒலிப்போம். இந்தச் சொல்லில் உள்ளது வல்லொலி. அதனால் இங்கே ‘ப்ப’ என்று இரட்டித்திருக்கிறது. மூலத்தில் ஒரு பகரம்தான். உக்ரைனியத்தில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. எனவே ஆ, ஓ என்று எழுதியிருப்பதை நீட்டி ஒலிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று முக்கியம். உக்ரைனியத்தில் இகரத்துக்கு இரண்டு எழுத்துகள் உண்டு. ஒன்று நாக்கை முன்தள்ளிச் சொல்லும் கூர்மையான ஒலி. மற்றது சற்றுத் தளர்ந்த ஒலி. கூர்மையானதை ‘ஈ’ என்றும் தளர்ந்ததை ‘இ’ என்றும் குறித்திருக்கிறோம். இந்த ஒரு வேறுபாட்டில்தான் இரண்டு வேற்றுமைகள் பிரிகின்றன. அதைக் கோட்டைவிட்டால் பின்னால் வரும் அட்டவணை முழுவதும் குழம்பும்.

நானாய் மொழியில் வேறொரு சிக்கல். ரஷ்ய மொழியின் எழுத்துமுறையை அப்படியே எடுத்துக்கொண்டதால், ‘தி’ என்று எழுதிவிட்டு ‘ஜி’ என்று படிக்கிறார்கள். இங்கே ஒலியைப் பின்பற்றி ‘ஜி’ என்றே தருகிறோம்.

படி 1: எந்த மொழி என்று உறுதிசெய்தல்

தனிச்சொல்லாகக் கிடைத்தால் சொல்லை வைத்து எதுவும் முடிவுசெய்ய முடியாது. சுற்றியுள்ள வரிகளைப் பாருங்கள். உக்ரைனிய நெடுங்கணக்கில் மேலே ஒரு புள்ளியுள்ள ‘ஈ’, இரண்டு புள்ளியுள்ள ‘யீ’, கொக்கி வைத்த ‘க’ ஆகியவை உண்டு. நானாய் எழுத்தில் இவை இல்லை. மறுபுறம், திரும்பிய அரைவட்டம் போன்ற ‘எ’ எழுத்து நானாய் மொழியில் வரிக்கு வரி வரும். உக்ரைனியத்தில் அந்த எழுத்தே கிடையாது. ‘ங’ ஒலிக்கு நானாய் மொழியில் கொக்கியுள்ள தனி எழுத்து உண்டு. அதைக் கண்டால் உக்ரைனியம் இல்லை என்று உடனே சொல்லிவிடலாம்.

எழுத்துகள் உதவாவிட்டால் சொல்லின் வாலைப் பாருங்கள். ‘மாப்பாஸால்’ என்று முடிந்தால் நானாய். ‘மாப்போயு’, ‘மாப்பாஹ்’ என்றால் உக்ரைனியம்.

கணினியில் தேடுவோர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சிரில்லிக் ‘ஆ’வும் லத்தீன் ‘ஏ’யும் திரையில் ஒரே மாதிரி தெரியும். ஒருங்குறியில் முன்னதன் எண் 0430, பின்னதன் எண் 0061. ஒளிவருடிய பழைய பக்கங்களில் இரண்டும் கலந்து கிடக்கும். சொல் கண்முன்னே இருந்தும் தேடல் ‘இல்லை’ என்று சொல்லும். அப்போது சொல்லை அழித்து, சிரில்லிக் விசைப்பலகையிலேயே மீண்டும் தட்டுங்கள். நானாய் ‘ங’வுக்கும் இதே தொல்லை. அதற்குரிய எண் 04C8. அடியில் வால் நீண்ட இன்னொரு எழுத்து 04A3 என்ற எண்ணில் இருக்கிறது; அது கசாக் முதலிய மொழிகளுக்கானது. பலர் தெரியாமல் அதைத்தான் தட்டுகிறார்கள்.

படி 2: உக்ரைனியச் சொல்லின் வழியைப் பின்னோக்கிப் பிடித்தல்

உக்ரைனிய ‘மாப்பா’ போலிய மொழி வழியாக வந்தது. போலியத்துக்கு லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் சொல் ‘மப்பா’, உண்மையாகவே இரட்டைப் பகரத்துடன். அங்கே அதன் பொருள் நிலப்படம் இல்லை, துணி. விருந்தில் கை துடைக்கும் துணியும் மப்பாதான், தேரோட்டப் பந்தயத்தைத் தொடங்கிவைக்கத் தலைவர் கீழே போடும் வெள்ளைத் துணியும் மப்பாதான். பிற்கால ரோமானியத் தந்தச் சிற்பங்களில் ஆட்சித் தலைவர்கள் கையில் சுருட்டிய துணியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

லத்தீனுக்கு முன்னால்? முதலாம் நூற்றாண்டில் எழுதிய ரோமானியச் சொற்கலை ஆசிரியர் குவிந்திலியன், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தாரான கார்த்தேஜியர்கள் இந்தச் சொல்லைத் தமது என்று உரிமை கொண்டாடுகிறார்கள் என்று குறித்துவைத்திருக்கிறார். கார்த்தேஜியர் பேசியது செமித்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த பியூனிக். அதே குடும்பத்து எபிரேயத்தில் இன்றும் ‘மப்பா’ என்றால் மேசைவிரிப்பு. நிலப்படத்துக்கும் அதே சொல்தான். ஆக, குவிந்திலியன் சொன்னதைப் புறந்தள்ளுவதற்கில்லை.

துணி எப்படி நிலப்படமானது? இடைக்கால ஐரோப்பாவில் உலகப் படத்தை ‘மப்பா முந்தி’ என்றார்கள், அதாவது உலகத்தின் துணி. துணியிலும் தோலிலும் வரைந்ததால் வந்த பெயர். பிறகு ‘உலகம்’ உதிர்ந்து துணி மட்டும் நின்றது. தமிழருக்கு இந்த மாற்றத்தை விளக்கவே வேண்டியதில்லை. வடமொழி ‘பட’ என்றால் நெய்த துணி. அது ‘படம்’ ஆகி, சீலையில் எழுதிய சித்திரமாகி, இன்று நிலப்படம், வரைபடம் என்று நிற்கிறது. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஒரே பாதையில் தனித்தனியாக நடந்திருக்கின்றன. சொற்பிறப்பில் பொருள்மாற்றம் நம்பத்தக்கதா என்று சோதிக்க, தொடர்பில்லாத இன்னொரு மொழியில் அதே மாற்றம் நடந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்ல வழி.

லத்தீன் மப்பாவின் மற்றொரு கிளை பிரெஞ்சில் ‘நாப்’ என்று மேசைவிரிப்பாக இருக்கிறது. முதல் மகரம் நகரமாகிவிட்டது. ஆங்கிலத்தின் நாப்கினும் ஏப்ரனும் அந்தக் கிளையிலிருந்து வந்தவை.

உக்ரைனியத்தில் நிலப்படத்துக்குப் போட்டிச் சொல் ஒன்று உண்டு: ‘கார்த்தா’. கிரேக்கத்தில் பப்பைரசுத் தாளைக் குறித்த சொல் லத்தீனில் ‘கார்த்தா’ ஆகி, மேற்கு ஐரோப்பிய மொழிகள் வழியே கிழக்கே வந்தது. ரஷ்ய மொழியில் இதுதான் வழக்கு. சோவியத் காலத்தில் உக்ரைனியத்திலும் கார்த்தாவே முன்னுக்கு நின்றது. 1991க்குப் பிறகு மாப்பா மீண்டும் பரவலானது. இன்று செய்தித்தாளிலும் பேச்சிலும் இரண்டும் உண்டு. அறிவியல், சட்ட ஆவணங்களில் கார்த்தா இன்னும் வலுவாக இருக்கிறது. சீட்டாட்டச் சீட்டுக்குக் கார்த்தா மட்டுமே பொருந்தும்; அங்கே மாப்பா என்றால் சிரிப்பார்கள். வரைபடவியலும் ‘கார்த்தோஹ்ராஃபீயா’தான், மாப்பாவிலிருந்து அப்படி ஒரு சொல்லைக் கட்டக் கூடாது.

படி 3: உக்ரைனிய உருபேற்றம்

மாப்பா பெண்பால், அஃறிணை. ‘ஆ’வில் முடியும் வல்லீற்றுப் பெயர்களின் வகை, அதாவது அந்த ‘ஆ’வுக்கு முன்னுள்ள மெய் யகரச் சாயல் இல்லாமல் ஒலிப்பவை. உக்ரைனியத்தில் ஏழு வேற்றுமைகள். எல்லா வடிவத்திலும் அழுத்தம் முதல் அசையிலேயே நிற்கும். இது பெரிய நிம்மதி. இதே வகையில் பல சொற்களில் அழுத்தம் இடம் மாறித் தொல்லை தரும்.

எழுவாய்: ஒருமை மாப்பா, பன்மை மாப்பி
உடைமை: மாப்பி, மாப்
கொடை: மாப்பீ, மாப்பாம்
செயப்படுபொருள்: மாப்பு, மாப்பி
கருவி: மாப்போயு, மாப்பாமி
இடம்: மாப்பீ, மாப்பாஹ்
விளி: மாப்போ, மாப்பி

தமிழில் ‘படத்தை’, ‘படங்களை’ என்று பன்மை விகுதியும் வேற்றுமை உருபும் தனித்தனியாகக் கழன்று வரும். இங்கே அப்படி வராது. ‘ஓயு’ என்ற ஒரே வால் கருவி வேற்றுமை, ஒருமை, பெண்பால் வகை மூன்றையும் சேர்த்துச் சொல்கிறது. அதை உடைத்து ‘இது எண், இது வேற்றுமை’ என்று பிரிக்க முயன்றால் தோல்விதான்.

மாப்பி என்ற வடிவம் ஒருமை உடைமை, பன்மை எழுவாய், பன்மைச் செயப்படுபொருள், பன்மை விளி என நான்கு இடங்களில் வருகிறது. எது என்பதை வினையும் எண்ணுப்பெயரும் அடைமொழியும்தான் சொல்லும். உயர்திணைச் சொல்லாக இருந்தால் பன்மைச் செயப்படுபொருளுக்கு உடைமை வடிவம் வரும். நிலப்படம் அஃறிணை என்பதால் எழுவாய் வடிவமே போதும்.

உடைமைப் பன்மையில் வால் அறவே இல்லாமல் ‘மாப்’ என்று நிற்பது புதியவர்களுக்கு விசித்திரமாகப்படும். ஆண்பால் பெயர்களின் வாலை ஒட்டி ‘மாப்பீவ்’ என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை.

இடவேற்றுமை முன்னிடைச்சொல் இல்லாமல் தனியே வராது. ‘நிலப்படத்தில்’ என்பதற்கு ‘நா மாப்பீ’. ‘நிலப்படத்தைப் பார்க்கிறேன்’ என்றால் ‘திவ்லுஸ்யா நா மாப்பு’. இங்கே அதே ‘நா’ செயப்படுபொருளோடு சேர்கிறது. இருக்கும் இடத்துக்கு இடவேற்றுமை, நோக்கிச் செல்வதற்குச் செயப்படுபொருள் வேற்றுமை. பார்வையும் நோக்கிச் செல்வதாகவே கணக்கு. ‘பயன்படுத்து’ என்ற வினை கருவி வேற்றுமையைக் கேட்கும்: ‘கோரிஸ்துவாதிஸ்யா மாப்போயு’. தமிழ்ப் பழக்கத்தில் இங்கே ‘ஐ’ உருபை எதிர்பார்த்து ‘மாப்பு’ என்று எழுதத் தோன்றும், எழுதாதீர்கள்.

எதிர்மறை வந்தாலும் வேற்றுமை மாறும். ‘மாயு மாப்பு’ என்றால் என்னிடம் நிலப்படம் உண்டு. ‘நெ மாயு மாப்பி’ என்றால் இல்லை. உண்டு என்பதற்குச் செயப்படுபொருள், இல்லை என்பதற்கு உடைமை.

எண்களோடு சேர்ப்பதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். ஒன்றுக்கு ‘ஓத்னா மாப்பா’. இரண்டு, மூன்று, நான்குக்குப் பன்மை எழுவாய்: ‘த்வீ மாப்பி’, ‘த்ரி மாப்பி’, ‘சோதிரி மாப்பி’. ஐந்திலிருந்து உடைமைப் பன்மை: ‘ப்யாத் மாப்’. இருபத்தொன்றுக்கு மறுபடி ஒருமை, இருபத்திரண்டுக்கு எழுவாய்ப் பன்மை. எண்ணின் கடைசிச் சொல்தான் முடிவுசெய்யும். பதினொன்று முதல் பத்தொன்பதுவரை எல்லாமே ஐந்தின் வழி.

அடைமொழியும் கூடவே மாறும். ‘புதிய நிலப்படம்’ என்பது ‘நோவா மாப்பா’, செயப்படுபொருளில் ‘நோவு மாப்பு’, உடைமையில் ‘நோவோயி மாப்பி’, இடத்தில் ‘நா நோவீய் மாப்பீ’. தமிழில் ‘புதிய’ எங்கும் மாறாது என்பதால் இதை மறந்துவிடுவோம்.

குறுமைப் பெயர் ‘மாப்கா’, சின்னப் படம். இதில் ஒரு பொறி இருக்கிறது. ககரத்தில் முடியும் அடிச்சொற்கள் ‘ஈ’ வாலுக்கு முன் ‘த்ஸ்’ ஆகும். ‘ருக்கா’ (கை) ‘ருத்ஸீ’ ஆவதுபோல. ஆகவே ‘மாப்கா’ கொடையிலும் இடத்திலும் ‘மாப்த்ஸீ’. உடைமைப் பன்மையில் மெய்ம்மயக்கத்தை உடைக்க ஓகாரம் நுழைந்து ‘மாப்போக்’ ஆகும். மாப்பாவின் பகரத்துக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை.

படி 4: நானாய்ச் சொல்லின் குடும்பம்

நானாய் மொழி துங்குசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ரஷ்யாவின் தூரக்கிழக்கில், கபரோவ்ஸ்க் பகுதியில் ஆமூர் ஆற்றை ஒட்டிப் பேசப்படுகிறது. ரஷ்யாவில் நானாய் மக்கள் சுமார் 12,000 பேர். எல்லைக்கு அப்பால் சீனாவில் இவர்களின் உறவினர் ஹெச்சே எனப்படுகிறார்கள். மொழியைப் பேசுவோர் மக்கள்தொகையில் சிறு பகுதியே. எழுத்து வடிவம் 1930களின் தொடக்கத்தில் லத்தீனில் உருவாகி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சிரில்லிக்குக்கு மாற்றப்பட்டது. எழுத்து வழக்குக்கு அடிப்படை நைஹின் ஊர் வட்டார வழக்கு.

இது கடன் சொல்லா, குடும்பச் சொத்தா என்று அறிய உறவு மொழிகளை வரிசையில் நிறுத்த வேண்டும். மஞ்சு மொழியில் ‘மாஃபா’ என்றால் தாத்தா, மூதாதை, முதியவர். உதெகே மொழியில் ‘மாஃபா’ முதியவர், கரடி. ஒரோச் மொழியிலும் ‘மாப்பா’ இந்த இரு பொருளிலும் வழங்குகிறது. சகலின் தீவின் உயில்தா மொழியில் அது முதியவர். நானாய் பகரம் வைத்திருக்கும் இடத்தில் மஞ்சு ஃபகரம் வைத்திருப்பது இந்தச் சொல்லில் மட்டும் நடந்த விபத்து இல்லை. இரு மொழிகளுக்கும் இடையே மீண்டும் மீண்டும் காணும் ஒலித்தொடர்பு. ஒலி ஒழுங்காக ஒத்துவருகிறது, பொருளும் ஒத்துவருகிறது, மொழிகள் ஆமூர் முதல் மஞ்சூரியா வரை பரவியிருக்கின்றன. எனவே இது பொதுத் துங்குசியச் சொத்து. லத்தீன் துணி இங்கே எட்டிப்பார்த்ததே இல்லை.

கரடி எப்படி நுழைந்தது? வேட்டைச் சமூகங்களில் கரடியின் பெயரைச் சொன்னால் அது கேட்டுவிடும், கோபப்படும் என்ற அச்சம் உண்டு. அதனால் ‘பெரியவர்’ என்று மரியாதையாகச் சுட்டினார்கள். சைபீரியாவின் எவென்கி மொழியில் வேர்ச்சொல் வேறு, ஆனால் வேலை ஒன்றே: ‘ஆமாக்கா’ என்றால் தாத்தா, கரடி. நாம் நாகத்தை நல்ல பாம்பு என்பதற்குப் பின்னால் இருப்பதும் இந்த அச்சம்தான்.

உக்ரைனியமும் இதற்கு விலக்கில்லை. அங்கே கரடிக்கு ‘வெத்மீத்’. இது பழைய ஸ்லாவியத்தில் ‘தேன் தின்பவன்’ என்ற பொருளுள்ள ‘மெத்வேத்’ என்ற சொல்லின் முன்பின் மாறிய வடிவம். கரடியின் உண்மையான பழம்பெயரை ஸ்லாவியர்கள் சொல்லாமல் விட்டு விட்டே தொலைத்துவிட்டார்கள். நிலப்படமும் முதியவரும் எங்கும் சந்திக்காத இந்த இரு மொழிகள், கரடி விஷயத்தில் ஒரே காரியத்தைச் செய்திருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. நானாய் ‘மாப்பா’வைத் தமிழ் ‘அப்பா’வோடு முடிச்சுப்போடும் ஆசை வரும். நானாய் மொழியில் தந்தைக்கு ‘ஆமா’ என்றும் கிழவிக்கு ‘மாமா’ என்றும் பெயர். உக்ரைனியத்தில் ‘மாமா’ தாய். தமிழில் மாமா யார் என்று சொல்லத் தேவையில்லை. உதடு ஒட்டித் திறக்கும் ஒலிகள் குழந்தையின் முதல் ஒலிகள் என்பதால் உலகெங்கும் உறவுப்பெயர்களில் அவை குவிகின்றன. ஒலித்தொடர்பின் ஒழுங்கைக் காட்ட முடியாதவரை உறவு கோருவதில் பயனில்லை.

படி 5: நானாய் உருபேற்றம்

தமிழருக்கு வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும் பகுதி இது. நானாய் ஒட்டுநிலை மொழி. உருபுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. பால் பாகுபாடு இல்லை. வினை கடைசியில் வரும். அடைமொழி மாறாது: ‘தாயி மாப்பா’ பெரிய முதியவர் (தாயி என்றால் பெரிய), ‘தாயி மாப்பாஸால்’ பெரிய முதியவர்கள்.

ஒட்டும் வரிசையை முதலில் மனத்தில் வையுங்கள்: அடிச்சொல், பன்மை, வேற்றுமை, உடையவர். இந்த வரிசை மாறாது.

வேற்றுமைகள் ஒருமையில் இப்படி. எழுவாய் மாப்பா, உருபு இல்லை. செயப்படுபொருள் மாப்பாவா. கருவி மாப்பாஜி, வடநாட்டு மரியாதை ‘ஜி’ என்று எண்ணிவிடாதீர்கள், ‘முதியவரோடு, முதியவரால்’ என்று பொருள். கொடை மாப்பாதோ. இடம் மாப்பாலா. திசை மாப்பாச்சி, அதாவது ‘முதியவரிடம், முதியவரை நோக்கி’. நீங்கல் மாப்பாஜியாஜி.

உடைமை வேற்றுமை என்று ஒன்று இல்லை. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த வேலையை வேறொரு உருபு செய்கிறது, கீழே வருகிறது.

பன்மையில் ‘ஸால்’ ஒட்டி மெய்யில் முடிவதால் சில உருபுகள் வடிவம் மாறும். ‘வா’ என்பது ‘பா’ ஆகும்: மாப்பாஸால்பா. ‘லா’ என்பது ‘தோலா’ ஆகும்: மாப்பாஸால்தோலா. மற்றவை அப்படியே. னகரத்தில் முடியும் சொற்களில் புணர்ச்சியும் உண்டு: ‘மோரின்’ (குதிரை) செயப்படுபொருளில் ‘மோரிம்பா’. னகரம் பகரத்தின் முன் மகரமாவது நமக்குப் புதிதல்ல.

எண்ணுப்பெயர் முன்னே வந்தால் பன்மை உருபு பொதுவாகத் தேவையில்லை. ‘இலான் மாப்பா’ மூன்று முதியவர்கள். உக்ரைனிய எண் கணக்கைப் படித்த பிறகு இது பெரிய ஆறுதல்.

உயிர் இசைவு

நானாய் உயிர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்திருக்கின்றன. ஆ, ஓ ஒரு பக்கம். எ, உ மறுபக்கம். ஒரு சொல்லுக்குள் கட்சி மாறக் கூடாது, உருபும் அடிச்சொல்லின் கட்சியிலேயே சேர வேண்டும். மாப்பா ஆகாரக் கட்சி. எனவே ஸால், வா, தோ, லா. ‘எக்தெ’ (பெண்) எகரக் கட்சி. எனவே எக்தெஸெல், எக்தெவெ, எக்தெது, எக்தெலெ. ‘ஜி’, ‘சி’ உருபுகளில் எழுத்து மாறுவதில்லை.

இகரம் மட்டும் கொண்ட சொற்களில்தான் சிக்கல். இரண்டு வகை இகரங்களுக்கும் எழுத்து ஒன்றே. பார்த்தமாத்திரத்தில் கட்சி தெரியாது. உருபேற்ற வடிவம் ஒன்றை வாக்கியத்தில் கண்டுபிடித்த பிறகே அத்தகைய சொல்லைப் பதிவுசெய்யுங்கள். மாப்பாவுக்கு இந்த ஐயம் எழாது.

உடையவர் உருபு

‘முதியவரின் படகு’ என்பதற்குத் தமிழில் முதியவர்மேல் உருபு ஏற்றுகிறோம். நானாய் படகின்மேல் ஏற்றும்: ‘மாப்பா ஓக்தானி’. ஓக்தா படகு, ‘னி’ அவருடையது. முதியவர் வெறுமனே நிற்பார். இதைத் தலைகீழாகப் பிரித்து, ‘மாப்பா’வை எழுவாய் என்று நினைப்பது மொழிபெயர்ப்பில் வழக்கமாக நேரும் பிழை.

முதியவரே உடைமையானால் (இல்லத்தரசி தன் கிழவரை, அதாவது கணவரைச் சொல்லும்போது) ‘மாப்பாயி’ என் கிழவர், ‘மாப்பாஸி’ உன் கிழவர், ‘மாப்பானி’ அவள் கிழவர், ‘மாப்பாச்சி’ அவர்களுடைய கிழவர்.

கடைசி வடிவத்தைக் கவனியுங்கள். மேலே திசை வேற்றுமையும் ‘மாப்பாச்சி’தான். தனியே நின்றால் பிரிக்க முடியாது. வழி ஒன்று உண்டு: வேற்றுமையும் உடையவரும் சேர்ந்து வரும் வடிவங்களைப் பாருங்கள். ‘மாப்பாச்சியானி’ என்றால் அவள் கிழவரிடம். ‘சியா’ திசை (உடையவர் உருபுக்கு முன் ‘சி’ இப்படி நீளும்), ‘னி’ உடையவள். ‘மாப்பாவாச்சி’ என்றால் அவர்களுடைய கிழவரை. இங்கே ‘சி’ உடையவர்கள். வரிசை விதி தெரிந்தால் ஐயம் தீரும்.

இன்னொரு நுட்பம். இயல்பாக ஒருவருடையது அல்லாத பொருளை, பெற்றோ பிடித்தோ வைத்திருப்பதைச் சொல்ல ‘ங்கோ’ இடையே நுழையும். கரடிப் பொருளில் ஒருவருடைய கரடி என்றால் ‘மாப்பாங்கோனி’. கணவர் இயல்பான உறவு, அவருக்கு ‘ங்கோ’ வேண்டாம். ஒரே சொல்லின் இரு பொருள்களையும் இந்த உருபு பிரித்துக்கொடுத்துவிடுகிறது.

‘கோ’ (எகரக் கட்சியில் ‘கு’) என்ற உருபும் உண்டு. இன்னாருக்கென்று குறிக்கப்பட்ட, இனி வரப்போகும் பொருளுக்கு அது. ‘ஓக்தாகோயி’ என்றால் தனக்கென ஒரு படகு. முதியவரை யாரும் அப்படிக் குறித்துவைப்பது அரிது. உருபை அறிந்திருந்தால் போதும்.

வாக்கியத்தில் சோதித்தல்

‘மாப்பா ஜிச்சினி’: முதியவர் வந்தார். வினையின் கடைசி ‘னி’யும், படகின் ‘னி’யும் ஒன்றே; வினையிலும் பெயரிலும் அதே உருபு. ‘மீ மாப்பாவா இச்செஹெம்பி’: நான் முதியவரைப் பார்த்தேன். எழுவாய், செயப்படுபொருள், வினை என்று தமிழ் வரிசை அப்படியே. இதே வாக்கியம் வேட்டையைப் பற்றிய கதையில் வந்தால் ‘கரடியைப் பார்த்தேன்’ என்று பொருள்படும். மொழிபெயர்க்கும்போது இடம் பார்த்து முடிவுசெய்யுங்கள். வாக்கியத்தில் ‘மாமா’வும் அருகே இருந்தால் பெரும்பாலும் கிழவன், கிழவி இணைதான்.

படி 6: பதிவை எழுதுதல்

இரண்டு சொற்களையும் ஒரே தலைப்பின்கீழ் 1, 2 என்று எண்ணிட்டுப் போடுவது பல அகராதிகளின் வழக்கம். அப்படிப் போட்டால் ஒரு சொல்லின் இரு பொருள்கள் என்று வாசகர் எண்ணுவார். மொழிவாரியாகத் தனிப் பதிவாக்குங்கள். உக்ரைனியப் பதிவில் பால், அஃறிணை, அழுத்தம், உடைமைப் பன்மை ‘மாப்’ ஆகிய நான்கும் கட்டாயம். இவை தெரிந்தால் மற்ற வடிவங்களை வாசகரே கட்டிக்கொள்வார். நானாய்ப் பதிவில் பால் குறியீடு வேண்டாம். உயிர்க் கட்சி, பன்மை வடிவம், செயப்படுபொருள் வடிவம் தாருங்கள். முதியவர், கணவர், கரடி மூன்றையும் ஒரே சொல்லின் கிளைப்பொருளாக வரிசைப்படுத்துங்கள். கரடிக்கு ‘பெயர் தவிர்ப்பு வழக்கு’ என்று குறிப்பு வேண்டும். ‘மாப்பாச்சி’க்கு மட்டும் இரு பகுப்பும் தெரியும்படி தனிக் குறுக்குக் குறிப்பு போடுங்கள்.